எஞ்சின் உதறிய ஒரு நிமிஷம்

...குடியை விட்ட மொத வாரத்துல நிறைய பேர் இந்த மண்டபத்துல என்கிட்ட வந்து ஒரே புலம்பல். "ஐயா, குடிச்சப்போ நல்லாத்தான் இருந்தேன், விட்டப்புறம்தான் உடம்பு கெட்டுப்போச்சு"ன்னு. இதுக்கு என் பதிலா, நடந்த ஒண்ணைச் சொல்லட்டுமா? சின்னக் கதைதான்...

கோயம்புத்தூர்ல குழந்தைவேல்னு ஒரு பம்புசெட் கம்பெனி முதலாளி. சொந்தமா குட்டி விமானம் வச்சிருந்தாரு. ரெண்டே சீட்டு, ஒத்தை எஞ்சின். ஓட்டுறது யாரு? ஜெசிந்தான்னு ஒரு தூத்துக்குடிப் பொண்ணு. முப்பது வயசு.

ஒரு ஐப்பசி மாசக் காலையில ரெண்டு பேரும் மதுரைக்குப் பறக்குறாங்க. பழனி மலையோரம் ஒரே ஈர மேகம். எஞ்சின் கொஞ்சம் கொஞ்சமா தளருது. சத்தம் அடங்குது... விமானம் இறங்குது.

முதலாளி பதறிப்போய், மேல தூக்கும்மாங்கிறாரு. நாமளா இருந்தாலும் அதைத்தானே சொல்லுவோம்? ஜெசிந்தா மூக்கைக் கீழ சாய்ச்சா. ஏன்? எஞ்சின்ல பலம் இல்லாதப்போ மேல தூக்குனா, இருக்கிற வேகமும் போயிரும். வேகம் போனா... கல்லு மாதிரி விழ வேண்டியதுதான். வேகம் இருந்தா சறுக்கிக்கிட்டே போய் இறங்கலாம். இறங்குறதுக்கு ஒரு தரிசுக் காட்டையும் பார்த்து வச்சுக்கிட்டா.

ஈரக் காத்து போய்ப் போய், எஞ்சினுக்குக் காத்தையும் பெட்ரோலையும் கலந்து குடுக்கிற கார்புரேட்டருக்குள்ள பனிக்கட்டி அடைச்சிருக்குமோன்னு அவளுக்கு ஒரு சந்தேகம். சூடான காத்தை உள்ள விடுற கைப்பிடி ஒண்ணு இருக்கு. அதைப் பிடிச்சு இழுத்தா.

இழுத்ததும் சரியாச்சா? இல்லைங்க... இன்னும் மோசமாச்சு. எஞ்சின் இருமுது, உதறுது, விமானமே கிடுகிடுன்னு ஆடுது.

குழந்தைவேல் சொன்னாரு, "அதை உள்ள தள்ளும்மா. நீ இழுத்த பொறவுதான் இப்படி ஆகுது."

அவ கையை எடுக்கலை. "உதறட்டும் சார். பனி உருகுற தண்ணிதான் எஞ்சினுக்குள்ள போகுது."

ரெண்டாயிரம் அடி... ஆயிரத்து ஐந்நூறு... ஆயிரம்... தரிசுல மேயுற மாட்டோட கொம்பு தெரியுது. பெரிய மனுஷன் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, வாய்க்குள்ள பொண்டாட்டி பேரைச் சொல்லிக்கிட்டு இருக்காரு.

அப்போ ஒரு பெரிய உதறல்... அடுத்த நொடி, எஞ்சின் முழு மூச்சுல கர்ஜிக்குது! மூக்கு நிமிருது, காடு கீழ போகுது, மாடு எறும்பாயிருச்சு. மதுரையில ஒரு குலுக்கல் இல்லாம இறங்குனாங்க.

கால் தரையில பட்டதும், சரியாயிரும்னு உனக்கு முன்னாடியே தெரியுமான்னு முதலாளி கேட்டிருக்காரு.

"தெரியாது சார். அதான் இறங்க இடமும் பார்த்து வச்சேன். ஆனா பாதியில விட்டா சரியாகவே ஆகாது. அது மட்டும் தெரியும்"னு சொன்னா.

கேட்டீங்களா? இந்த வாரம் உங்க கை நடுங்குதே, தூக்கம் வரலையே, யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வருதே... என்னன்னு நினைச்சீங்க? வருஷக்கணக்கா உள்ள உறைஞ்சு கிடந்தது உருகுது! தாங்க முடியலையா? டாக்டர் இருக்காரு, ராத்திரின்னாலும் கூப்பிடுங்க. அதுதான் உங்க தரிசுக் காடு. ஆனா, விட்டதை மறுபடி தொட்டுறாதீங்க.

நான் சொல்றதை நம்ப வேண்டாம். இந்த மண்டபத்துல குடியை விட்டு ஒரு வருஷம் தாண்டுனவங்க யாரு யாரு? எழுந்து நில்லுங்க...

புதுசா வந்தவங்களே, நல்லா பாருங்க. இவங்க அத்தனை பேரும் உதறுனவங்கதான்.