தண்ணீர்க் கண்ணாடிக்குச் சந்தனம்

“பிள்ளை, உனக்குச் சந்தனம் குழைக்கத் தெரியுமோ?” என்று சிவமலர் அன்ரி ஒருநாள் என்னிடம் கேட்டார். வழக்கம்போல அக்காதான் பதில் சொன்னாள். “ஓம் அன்ரி, வடிவாக் குழைப்பாள். கதைக்கத்தான் மாட்டாள்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பள்ளிக்கூடத்தை விட்டு நின்றபிறகு எனக்காகப் பேசுவது தர்மிகா அக்காவின் வேலையாகிவிட்டது. டாக்டரிடம் என் இருமலை அவள்தான் சொல்வாள். பஸ்ஸில் யாராவது என்னிடம் வழி கேட்டால் அவள்தான் காட்டுவாள். இருவருக்கும் அது வசதியாகவே இருந்தது. அதனால், அன்ரியின் மகன் சுஜீத்துக்கும் அவளுக்கும் கலியாண எழுத்து முடிந்து, தையில் கலியாணம், பிறகு மெல்பேணில் குடித்தனம் என்று பேச்சு வந்தபோது, பெரியவர்கள் யோசிக்காமல் ஏதோ சொல்லிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மாற்றிவிடலாம்.

சுஜீத் அண்ணை நல்லவர். அதை எங்கேயும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் சின்ன ரயில் ஓட்டுவார். முழங்கால் உயர இயந்திரம், ஆனால் உண்மையான நிலக்கரி, உண்மையான நீராவி. அவர் பின்பெட்டியில் காலைப் பரப்பிக் குந்தியிருந்து, ஒவ்வொரு பாகத்தையும் அக்காவுக்கு விளக்குவார். அக்கா ஃபோனைப் பார்த்தபடி ‘ம்’ கொட்டுவாள். கேட்டுக்கொண்டிருந்தது நான்.

கொதிகலனில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதற்கு மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு. இரண்டையும் பூட்டிவிட்டால் குழாய்த் தண்ணீர் அப்படியே நிற்கும். உள்ளே வற்றுவது வெளியே தெரியாது. வற்றினால் நெருப்புக்கு மேலுள்ள செப்புத் தகடு சூடேறிக் கிழிந்து, நீராவி நெருப்புப் பக்கம் பாயும். ஆகவே புறப்படுமுன் திருகுகளைத் திறந்து பார்க்கவேண்டும் என்பார். அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

அவர் தானே கட்டிய புது இயந்திரத்தின் முதல் ஓட்டம் ஐப்பசியில் வந்தது. அழகான மாலை. தண்டவாளமெல்லாம் மஞ்சள் இலை. அன்ரி மனோர் பார்க் கோயில் முருகனுக்கு அர்ச்சனை செய்து, புதுக் காருக்குச் செய்வதுபோலவே மாலை, எலுமிச்சம்பழம், சந்தனம் எல்லாம் கொண்டுவந்திருந்தார். நீராவி ஏறியதும் பொட்டு வைக்கச் சொல்லி என்னை விட்டார்கள். புகைபோக்கிக்கு வைத்தேன். விளக்குக்கு வைத்தேன். திருகுகளைத் துணியால் பிடித்துப் பூட்டி, அவற்றுக்கும் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். வடிவாகத்தான் இருந்தது.

சுஜீத் அண்ணை திருகில் கைவைக்கப் போனார். அன்ரி தடுத்தார். “சாமிச் சந்தனம் தம்பி, அழிக்காதை. ஒரு சுத்து ஓடிப்போட்டு வா.”

“சரியம்மா, கொஞ்சத்துக்கு முன்னம்தான் தண்ணியைப் பாத்தனான்” என்று கையை எடுத்துவிட்டார். எங்கள் ஆட்களில் யாரும் அதை அழித்திருக்கமாட்டார்கள்.

அவருக்கு அடுத்த இருக்கை எப்போதும் அக்காவுக்கு. நான் அவளுடைய கையைப் பிடித்து, வயிறு நோகிறது என்றேன். அவள் என்னோடு நின்றுவிட்டாள். என்னைப் பொறுப்பில்லாதவள் என்று யாரும் சொல்லமுடியாது.

சனம் வரிசையில் நின்றதால் ஒரு சுற்று பல சுற்றாகியது. கண்ணாடியில் தண்ணீர் நிறைய இருந்தபடியால் அவர் தண்ணீர் ஏற்றும் பம்பைத் தொடவில்லை. கரி போடக் குனிந்து நெருப்புக் கதவைத் திறந்தார். பெரிய பலூன் உடைந்ததுபோல ஒரு சத்தம். மாலை வெயிலில் வெண்மையாக ஆவி எழும்பியது. அக்காவின் இடத்தில் இருந்த பெண்ணுக்குத் தோளில் மட்டும்தான் சுட்டது. சுஜீத் அண்ணைக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன.

பரிசோதித்தவர்கள் திருகுகள் பூட்டியிருந்ததைக் கண்டு, ஓட்டுநர் மறந்துவிட்டார் என்றார்கள். மறந்துதான் இருப்பேன் என்று அவரும் சொல்கிறார். அன்ரி, நான்தான் தடுத்தேன் என்று அழுகிறார். நான் தேநீர் ஊற்றிக் கொடுக்கிறேன்.

எல்லாம் சரியாகத்தான் வந்தது. இன்று பின்னேரம் அக்கா சொன்னாள்: “கலியாணத்தை முன்னுக்கு எடுக்கிறம். இனி அவருக்கு நான் இல்லாமல் ஏலாது.”

யாருக்கு ஏலாது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆகவே அவளை மேசையில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் யாரோடும் பேசியதில்லை. அவள் சந்தோஷப்படுவாள் என்றுகூட நினைத்தேன்.

“அண்டைக்கு உனக்கு வயிறு நோகயில்லையோ?”

“இல்லை அக்கா. உன்னை அதிலை இருக்கவிட எனக்கு மனமில்லை.”

அவள் எழுந்தாள். ஜாக்கெட்டும் எடுக்காமல் கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள். அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது. வந்துவிடுவாள்.