கொக்கி இல்லாத கம்மல்

கொக்கி இருக்கக் கூடாது தாயி. மண்ணுல செஞ்ச கம்மல்னு போர்டு வச்சிருக்க, காதுல மாட்டுற இடத்துல கம்பியாவுல்ல இருக்கு? இது ஆகாது. அந்த மரக் கம்மல எடு பாப்போம். ம்... இதுலயும் கம்பிதான்.

அலர்ஜியெல்லாம் ஒன்னுமில்ல. போட்டுக்கிடுறவுக சாத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில வேலை பாக்காக. உள்ள ஒரு குண்டூசி போகக் கூடாது. உரசிப் பொறி பட்டுச்சுன்னா அம்புட்டுப் பேரும் போயிருவோம்ல.

நானா? கம்பெனி வேன் ஓட்டுதேன். காலையில வாசல்ல நிப்பாட்டுனா, பொம்பளைக கம்மல், மூக்குத்தி, கொலுசுன்னு கழட்டி என் தூக்குச்சட்டியில போட்டுட்டுத்தான் இறங்குவாக. சாயங்காலம் வரைக்கும் அது என் மடியிலதான். பெரிய நகைக்கடை முதலாளி கணக்கா உக்காந்திருப்பேன். ஒரு மூக்குத்தி மாறிப் போனதில்ல, பாத்துக்க.

அது என்ன அட்டை? வாசிச்சுச் சொல்லு, எனக்கு எழுத்துக் கூட்ட வராது. மண்ணுக்குக் கெடுதல் இல்ல... சரி. எங்க கம்பெனியிலயும் பசுமைப் பட்டாசுன்னு டப்பா மேல போடுதாக. வெடிச்சா நாய் கட்டிலுக்கு அடியிலதான் ஓடுது! அப்புறம்? சின்னப் பிள்ளைகள வச்சுச் செய்யல... நல்லது. நான் பள்ளிக்கூடம் போற வயசுல தீப்பெட்டி ஒட்டுனவன். அந்த முதலாளி செத்த வீட்டுக்குக்கூட நான் போகல. செஞ்சவ பேரும் போட்டிருக்கா? அழகுமீனா. பாரேன்! எங்க வெடியில மயில் படம் போடுவான், யானைப் படம் போடுவான், செஞ்சவ பேர எவன் போட்டான்?

சிரிக்காத. நான் ஒருத்தன் மேல கோவத்த மனசுல வச்சா வச்சதுதான். வாசல்ல சோதன போடுற சங்கிலிமுத்துகூட இன்னைக்கு வரைக்கும் பேச்சு கிடையாது. போன தீபாவளி சீசன்ல, என் வேன்ல வாரவுக ஒருத்தருக்குத் திருகாணி இறுகிப்போயி கம்மல் கழறல. கழட்டச் சொன்னது சரிதான், நான் இல்லங்கல. ஆனா பேசுற பேச்சுன்னு ஒன்னு இருக்குல்ல? இந்த வயசுல யாருக்குக் காட்ட இம்புட்டு மினுக்குன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டான். அவுக எண்ணெயத் தடவிக் கழட்டுனாக. மறுநாள்லருந்து கம்மலே போடல. காது ஓட்டை தூந்துரக் கூடாதேன்னு ஈர்க்குச்சிய ஒடிச்சுச் சொருகிக்கிட்டு வாராக. என் தூக்குச்சட்டியில அவுக கம்மல் மட்டும் இல்ல. அதத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் கடுப்பா வரும்.

ஏன் தாயி, அட்டையக் கீழ வச்சுட்டு என்னையவே பாக்கியே?

சரி, அது என்ன, அந்த மூலையில? தேங்காச் சிரட்டையா? காம்பு மூங்கிலு... பின்னால அடைக்கிறதும் மரக்கட்டைதானா? கடிச்சுப் பாக்கட்டுமா? அட, சும்மா சொன்னேன். இதுதான், இதேதான். இதப் போட்டுக்கிட்டு அவுக உள்ள போகணும், சங்கிலிமுத்து காத உத்து உத்துப் பாத்துட்டு வழிய விடணும். நான் வேன்ல உக்காந்து பாக்கணும். இந்தச் சூலக்கரை கண்காட்சிக்கு வந்ததே அதுக்குத்தான். நீயே ஒரு சோடி எடு. என்கிட்ட நீட்டாத, நான் எடுத்தாச் செல்லாது.

யாருக்குன்னு கேக்கியா? சொல்லாமலா போகப் போறேன். எம்பொண்டாட்டி தவறுன பெறகு நானே பொங்கி நானே தின்னுக்கிட்டுக் கெடக்கேன். அவுகளும் ஒத்தையில நின்னு மகளப் படிக்க வச்சு ஆளாக்கிட்டாக. யாருக்குக் காட்டன்னு கேட்டாம்ல சங்கிலிமுத்து? எனக்குத்தான். நான் பாக்கத்தான். இருக்கன்குடி கோயில் வாசல்ல வச்சு நேராவே கேட்டுட்டேன். என் மக ஓவியா கையால எடுத்துத் தந்தாப் போட்டுக்கிடுதேன், இல்லன்னா எனக்கு ஈர்க்குச்சியே போதும்னு சொல்லிட்டாக உங்கம்மா கற்பகவல்லி.

அவசரமில்ல தாயி. வேன் வெளிய மரத்தடியில நிக்குது, நான் அங்கன போயி உக்காந்திருக்கேன். திட்டுறதா இருந்தாலும் அங்கனயே வந்து திட்டு. கம்மல் உன் கையிலயே இருக்கட்டும்.