ஏழு பேருக்கு எட்டுக் கோடு

நம் பாட்டன்மார் தொட்டிலில் கிடந்த காலம். வெள்ளைக்காரத் துரைமார் கடல் கடந்த போருக்கு ஆள் திரட்டிய அந்நாளில், ஈச்சவயல் என்னும் இவ்வூரில் அடைக்கி என்றொரு தாய் வாழ்ந்தாளாம். அவளுக்கு ஒரே மகன், பெயர் சேவுகன். நெஞ்சுரம் மிக்கவன், உயரம் மட்டும் சற்றே குறைவு.

ஆள் எடுக்க வந்த அதிகாரி, கல்யாண மண்டபத்து முதல் தூணில் ஒவ்வொருவனையும் சாய்த்து நிறுத்தி அளந்தானாம். தலை தொட்ட இடத்தில் கந்தவேல் ஆசாரி உளியால் கோடு கீறுவார். ஆறு பேர் தேறினார்கள். ஏழாவதாகச் சேவுகன் போய் நின்றான்.

“டேய் சேவுகா, துப்பாக்கி உன்னைவிட உசரமாம்டா!” என்று கூட்டத்தில் நின்ற மாமன் ஒருவர் கேலி செய்தார்.

“அப்ப அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிருவேன் மாமா!”

ஊர் சிரித்தது. சிரிப்பொலிக்கு அதிகாரி திரும்பிய கணத்தில், சேவுகன் குதிகாலைத் தூக்கி எக்கி நின்றான். ஆசாரி கண்டார்; கண்டும் கீறினார். அடைக்கியும் கண்டாள், பெருமையில் வாய் திறவாது நின்றாள்.

போனவர் ஏழு பேர். வந்தவை ஏழு கடிதங்கள். உடல் வரவில்லை, சாம்பல் வரவில்லை. தூணில் கோடுகள் மட்டும் நின்றன. அடைக்கி அந்தப் பக்கம் தலை நிமிர்ந்து நடந்ததே இல்லையாம்.

மறு தையில் ஊர்த் தலைவரான அம்பலகாரர் மகளுக்கு அதே மண்டபத்தில் திருமணம் கூடியது.

“செத்தவங்க கோட்டுக்கு முன்னால தாலி கட்டுறதா? கொத்தி எடுத்துரும் ஆசாரி” என்றாராம் அவர். ஆசாரி உளியோடு வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அடைக்கியும் வந்தாள். அழுது தடுப்பாள் என்று ஊர் எண்ணியது. அவள் அழவில்லை.

“அழிக்கிறதுன்னா அழிங்க. அதுக்கு முன்னாடி, தப்பாக் கீறுன ஒன்னைத் திருத்தணும்.”

தூணோடு முதுகை ஒட்டி நின்றாள். தன் உச்சிக்கு மேல் நான்கு விரலை வைத்துக் காட்டினாள்.

“சனிக்குச் சனி எண்ணெய் தேய்ச்ச தலை, எனக்குத் தெரியாதா? இம்புட்டுத்தான் எம்புள்ள. எக்கித்தான் நின்னான். நீரும் பார்த்தீரு ஆசாரி, நானும் பார்த்தேன். ஒருத்தர் வாயைத் தொறந்திருந்தா அவன் இன்னைக்கு வீட்டுல இருப்பான்.”

ஆசாரியின் கையிலிருந்து உளி நழுவி விழுந்ததாம்.

“செத்தவனை இப்ப அளந்து என்ன ஆகப்போகுது அடைக்கி?” என்றார் அம்பலகாரர்.

“பட்டாளத்துக்குப் பொய்யா அளந்தோம் அம்பலகாரரே. ஊருக்காச்சும் மெய்யா அளப்போம். எம்மகன் கால் தரையில நிக்கட்டும்.”

அம்பலகாரர் குனிந்து, கீழே கிடந்த உளியைத் தாமே எடுத்து ஆசாரியிடம் நீட்டினார்.

“கீறும்.”

பொய்க்கோட்டுக்கு மூன்று விரல் கீழே எட்டாவது கோடு விழுந்தது. அதற்குப் பின் ஒரு கோட்டையும் அழிக்க எவருக்கும் கை வரவில்லை. முகூர்த்தத்தன்று அம்பலகாரரே மருமகனைக் கைபிடித்து அத்தூணுக்கு அழைத்துச் சென்றாராம். அடைக்கி அன்றுதான் தலை நிமிர்ந்து மண்டபம் ஏறினாள் என்பார்கள்.

நம்மூரில் வீரனுக்குச் சிலை கிடையாது. எட்டுக்கோட்டுத் தூண் உண்டு. இன்றும் மணமகன் தாலியைத் தொடுமுன் கடைசி இரு கோடுகளுக்கு நடுவே மூன்று விரல் வைப்பான். “இது யாரு இடம்?” என்று ஊர் கேட்கும். “சேவுகன் எக்கி நின்ன இடம்” என்று சொல்லி, ஏழு பெயரையும் உரக்கச் சொல்வான். அவன் குதிகால் இரண்டும் தரையில் பதிந்திருக்கின்றனவா என்று பெண்ணின் தாய் குனிந்து பார்ப்பாள். பார்த்த பிறகே தாலி எடுத்துக் கொடுப்பாள்.