சவர க்ரீம் கேசு

மலை மேல் வெள்ளக்கடை ஸ்டாப்பில் இரண்டு பெண்கள் சேலம் பஸ்ஸில் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"கடையில சவர க்ரீமைத் திருடி கோர்ட்டுக்குப் போறயே கண்ணு, உனக்கு மீசையா மொளச்சிருக்கு?" என்றாள் மூத்தவள்.

சின்னவள் சிரிக்கவில்லை. "எங்க ஊட்டுக்காரரு போடறதுங்க அக்கா. அவரு செத்த பொறவு ஊட்ல அந்த வாசமே இல்லீங்க."

"காசு குடுத்து வாங்கறதுக்கென்ன?"

"காசு கையில இருந்துச்சுங்க. பில்லுப் போடறது நம்ம எஸ்டேட் புள்ள. யாருக்குன்னு கேட்டிருக்கும்."

"ஜட்ஜுகிட்ட இதையே சொல்லு. விட்டாலும் விட்டுருவாங்க."

மலையடிவாரத்தில் பஸ் நின்றபோதுதான் சின்னவள் பதில் சொன்னாள்.

"அத்தன பேரு முன்னால எப்படிங்க அக்கா சொல்றது? திருடுனேன்னே சொல்லிடறனுங்க."