அனலோரத்து நாற்காலி

அளவில்லாமல் சாப்பிடலாம் என்று பலகை மாட்டியிருக்கும் கடையில் ரொட்டியைத் தொடக் கூடாது. எங்கள் ஊரான ரொஸாரியோவில் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும். இருந்தாலும் முக்கால்வாசிப் பேர் உட்கார்ந்த உடனே கூடையை இழுத்து வைத்துக்கொண்டு மெல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் விலாக்கறி வரும்போது வயிற்றைத் தடவிக்கொண்டு முழிப்பார்கள். நான் அப்படி இல்லை. எழுபத்தோரு வயதில் எனக்கென்று இருக்கும் ஒரே பெருமை என் பொறுமைதான். என்னைப் பற்றி நீங்கள் என்ன முடிவுக்கு வந்தாலும் இதை மட்டும் மறுக்க மாட்டீர்கள்.

என் பெயர் எவரிஸ்தோ. நாற்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவன். என்னை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை, யாருக்கும் என் மேல் சந்தேகமும் இல்லை. நானாகத்தான் சொல்கிறேன். ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்து முடித்துவிட்டு அதைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று செய்தவனுக்குத்தான் தெரியும்.

ஆற்றங்கரைச் சாலையில் ‘சாது எருது’ என்று ஒரு கடை இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக வியாழக்கிழமை மதியம் நாங்கள் மூன்று பேர் அங்கே சாப்பிடுகிறோம். நான், லிசாந்த்ரோ, அனிபால். அனிபால் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். பேசுவதைவிட மெல்லுவது அதிகம். லிசாந்த்ரோ பள்ளிக்கூட நாளிலிருந்தே என் நண்பன். துறைமுகத்துத் தானியக் கிடங்கில் மேற்பார்வை பார்த்தவன். எடை நூற்றுப் பத்துக் கிலோ. அவன் சிரித்தால் பக்கத்து மேசையில் டம்ளர் ஆடும். நாங்கள் எல்லாரும் அவனைக் குண்டன் என்றுதான் கூப்பிடுவோம். நான் அவனை நேசித்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேசை அடுப்பை ஒட்டியது. அதில் அனல் பக்கம் இருப்பது ஒரே ஒரு நாற்காலி, அது லிசாந்த்ரோவுடையது. அந்த நாற்காலியின் அருமை புரிய வேண்டுமென்றால் மொஷேஹாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கன்றின் கழுத்துக்குள் இருக்கும் ஒரு சுரப்பி. மெல்லிய தணலில் ஒன்றரை மணி நேரம் வாட்டினால் வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே வெண்ணெயாகவும் ஆகிவிடும். எலுமிச்சை பிழிந்து வாயில் வைத்தால் பேச்சு நின்றுவிடும். எல்லாமே அளவில்லாத அந்தக் கடையில் அதற்கு மட்டும் அளவு உண்டு. மதியத்துக்கு ஒரே ஒரு மரப்பலகை நிறைய, ஒரே ஒரு சுற்று. அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃப்ரொய்லான் அதை வெட்டி, மொறுமொறுப்பான ஓரத்துத் துண்டுகளை முதல் நாற்காலிக்காரனின் தட்டில் தன் கையால் வைப்பான். இரண்டு மணி நேரம் தணலின் சூட்டைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அவன் செய்யும் மரியாதை அது. பிறகுதான் பலகை சுற்றும். எனக்கு நடுத்துண்டு வரும், கொழகொழவென்று. இருபத்திரண்டு வருடமாக நான் இரண்டாவது நாற்காலி.

அவன் வராத நாளில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே அது நடக்காது. வாடிக்கைக்காரர் வரவில்லை என்றால் அவர் நாற்காலியை மேசையில் சாய்த்து வைத்துவிடுவார்கள். சாய்த்த நாற்காலியை யாரும் தொட மாட்டார்கள். ஒரு தடவை லிசாந்த்ரோ மகளைப் பார்க்க ஒரு மாதம் வெளியூர் போயிருந்தான். நான்கு வியாழக்கிழமையும் அது சாய்ந்தே இருந்தது. ஓரத்துத் துண்டுகள் அடுத்த மேசைக்குப் போயின. உயிரோடிருக்கும் மனிதனின் நாற்காலி அவனுக்காகக் காத்திருக்கும். அப்படியானால் எனக்கு வேறு என்ன வழி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். நான் நிறைய யோசித்தேன்.

போன வருடம் செப்டம்பரில் லிசாந்த்ரோவுக்கு ரத்த அழுத்தம் எகிறியது. டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அவன் மனைவி ஒதிலியா அதை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

“இந்த மனுசன் வியாழக்கிழமை போகாம இருக்கமாட்டார், எவரிஸ்தோ. கையக் காலக் கட்டியா போட முடியும்? நீங்க மருந்துக்கடைக்காரர், உங்க கண்ணு முன்னாடிதான சாப்பிடுறார். கறி ஒரு துண்டு உள்ள போகக்கூடாது. அவ்ளோதான் நான் கேக்குறது.”

“போகாது. என்னை நம்பு, ஒதிலியா,” என்றேன்.

நான் வாக்குத் தவறாதவன். அடுத்த வியாழக்கிழமை பரிமாறுகிற நெஸ்தோர் வழக்கம்போல சொரிசோ கொண்டுவந்தான், பன்றிக்கறியையும் கொழுப்பையும் உப்போடு குடலில் அடைத்துச் சுட்டது. விரல் தடிமனில் இல்லை, மணிக்கட்டுத் தடிமனில், வெடித்து, கொழுப்பு கொதித்துக்கொண்டிருந்தது. லிசாந்த்ரோ வகுப்பில் வாத்தியாரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான்.

“என்னடா கிழவா, நீதான் இப்ப போலீஸாமே. இதத் திங்கலாமா, கூடாதா?”

நான் பதில் சொல்வதற்குள் அனிபால் மெல்லுவதை நிறுத்தினான். “சொரிசோ எப்படா கறி ஆச்சு? கறிக்கு முன்னாடி வர்றதுல்ல அது.”

“கறி வர இன்னும் அரை மணி ஆகும் சார்,” என்றான் நெஸ்தோரும், எங்களுக்கு அவசரம் என்று நினைத்துக்கொண்டு.

இதில் பொய் எதுவும் இல்லை. எங்கள் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கறி என்றால் விலா, தொடை, வயிற்றுச் சதை. அதற்கு முன்னால் வருகிறதெல்லாம் சும்மா கொறிப்பதற்கு. கோழியை நாங்கள் ஏறக்குறைய காய்கறிக் கணக்கில்தான் வைத்திருக்கிறோம். ஆகவே நான் நியாயமாகத் தீர்ப்புச் சொன்னேன். சொரிசோ சாப்பிடலாம். ஒன்று முடித்தான். கை தயங்கியது. இன்னொன்றை நானே எடுத்து வைத்தேன். அடுத்து ரத்தம் அடைத்த கறுப்புக் குழல் வந்தது. ரத்தம் கறி ஆகாது. குடல் வந்தது, கிட்னி வந்தது, உள்ளங்கை அகலத்துக்குச் சுட்ட பாலாடைக்கட்டி வந்தது. பால் எப்படிக் கறி ஆகும்? மொஷேஹாவும் அவன் தட்டுக்கே போயிற்று. அதை நான் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் என் ஆசை பல்லை இளித்திருக்கும்.

கடைசியில் விலாக்கறி வந்தபோது நான் எழுந்து நின்று என் கையை அவன் தட்டின் மேல் குறுக்கே வைத்தேன். “கறி வேண்டாம்டா குண்டா. டாக்டர் சொல்லியிருக்கார்.” கடையே பார்த்தது. எதிர்மேசையில் ஒரு பெண் தன் கணவரிடம், “பாருங்க, சிநேகிதன்னா இப்படி இருக்கணும்,” என்றாள். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் பிடித்திருந்தது. பிறகு எல்லாரும் வழக்கப்படி அடுப்புக்காரனுக்குக் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

சொரிசோவில் எவ்வளவு உப்பு என்று மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியாதா என்பீர்கள். தெரியும். ஆனால் ஒதிலியா கேட்டது கறியைப் பற்றித்தான். சீட்டில் உப்பும் எழுதியிருந்தது என்பது உண்மையே. அதை அவள் வாயால் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் குளிர்காலமான ஜூலையில் கடை வாசலின் மூன்று படியை ஏற அவன் இரண்டு தடவை நின்றான். கணுக்கால் வீங்கி ஷூவுக்கு மேலே வழிந்தது. அன்றைக்குத்தான் அவன் அதைச் சொன்னான். துடைக்கத் துடைக்க நெற்றியில் வேர்வை வந்துகொண்டிருந்தது.

“எவரிஸ்தோ, இந்த அனல் எனக்குத் தாங்கலடா. நீ இங்க வந்து உக்காரு. நான் அந்தப் பக்கம் போயிடுறேன்.”

இருபத்திரண்டு வருடம் நான் காத்திருந்த வார்த்தை அது. எழுந்து இரண்டு அடி நடந்தால் போதும். அவனும் ஒருவேளை இன்னும் இருந்திருப்பான்.

“போடா. உன் நாற்காலியில நான் உக்கார்றதா? நல்லாருக்கே,” என்றேன்.

ஏன் மறுத்தேன் என்று என்னையே பல தடவை கேட்டுவிட்டேன். அவனைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு வியாழக்கிழமையும், ஒவ்வொரு துண்டுக்கும், “நான் குடுத்த நாற்காலில்ல? எப்டி இருக்கு?” என்று கேட்டுச் சிரித்திருப்பான். டம்ளர் ஆடியிருக்கும். பிச்சையாக வாங்கினால் எதற்கும் ருசி இருக்காது. எனக்கு அது முறைப்படி வர வேண்டும். அதனால் அவன் தட்டில் இன்னொரு சொரிசோ வைத்தேன். அவன் கண் கலங்கியது, என் பெருந்தன்மையைப் பார்த்து.

அக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷூ கயிறு கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. செய்தி கேட்டு நான் அழுதேன். நடிப்பில்லை, சமையலறையில் தனியாக நின்று அழுதேன். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் நானும் ஒருவன். நல்ல கனம். அதில் என் பங்கும் உண்டு என்று தூக்கும்போது தோன்றியது.

கல்லறையில் ஒதிலியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பாதிரியாரிடம் என்னைக் காட்டினாள். “இவர் மட்டும் இல்லன்னா என் வீட்டுக்காரர் போன வருசமே போயிருப்பார், ஃபாதர். வாரா வாரம் பிரஷர் பார்த்து எழுதிக் குடுப்பார். இதப் பாருங்க.” கைப்பையிலிருந்து ரப்பர் பட்டை போட்ட ஒரு கட்டுச் சீட்டை எடுத்தாள்.

அந்தச் சீட்டுகளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். சாப்பாடு முடிந்ததும் வியாழக்கிழமை தோறும் என் கருவியால் அவன் ரத்த அழுத்தத்தைப் பார்த்து ஒதிலியாவுக்கு எழுதிக் கொடுப்பேன். கருவி நூற்று எண்பது என்று சொல்லும். ஒரு நாள் இருநூற்றுப் பத்து சொன்னது. நான் நூற்று முப்பது என்று எழுதுவேன். தொடர்ந்து நூற்று முப்பது வந்ததால் மார்ச் மாதமே அவள் டாக்டரிடம் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டாள். சொரிசோவை வைத்து என்னோடு வாதாடலாம், இந்தச் சீட்டுகளை வைத்து வாதாட முடியாது. அவனைக் கொன்றது நான்தான். ஒரு நாற்காலிக்காகக் கொன்றேன். பாதிரியார் என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்.

மூன்று வியாழக்கிழமை நாற்காலி சாய்ந்தே இருந்தது. நான்காவது வாரம் நாங்கள் உள்ளே நுழைந்ததும் ஃப்ரொய்லான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். நாற்காலியை நிமிர்த்தி, துணியால் ஒரு தட்டுத் தட்டி, என்னைப் பார்த்துத் தலையசைத்தான். யாரிடமும் நான் கேட்கவில்லை. முறைப்படி வந்தது.

அனல் முதுகில் அடித்தது, சட்டை ஒட்டிக்கொண்டது. அவன் எப்படித் தாங்கினான் என்று ஆச்சரியமாக இருந்தது. பிறகு ஓரத்துத் துண்டு வந்தது. அதை வாயில் வைத்தபோது லிசாந்த்ரோவின் முகம் ஞாபகம் வந்து, மறைக்க முடியாமல் அழுதேன். அனிபால் என் தோளைத் தட்டினான். இரண்டாவது துண்டில் சரியாகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் இதேதான். முதல் துண்டுக்கு அழுகை, இரண்டாவதிலிருந்து நன்றாக இருக்கும்.

ஐந்து வியாழக்கிழமை அப்படிப் போனது. ஆறாவது வாரம் நான் கொஞ்சம் தாமதமாகப் போனேன். கடை முழுக்க எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு உடையில் ஒதிலியா வந்திருந்தாள். ஃப்ரொய்லான் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அனலோரத்து நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டிருந்தான். வாடிக்கைக்காரரின் மனைவிக்கு முன்னால் நண்பனின் உரிமை எம்மாத்திரம்? நானும் கை தட்டினேன். இரண்டாவது நாற்காலி எனக்காக அப்படியே இருந்தது.

“வீட்டுல தனியா உக்காந்து என்ன பண்றது, எவரிஸ்தோ? இனிமே வாராவாரம் வரலாம்னு இருக்கேன். அவர் இடத்துல உக்காந்தா அவர் கூட இருக்குற மாதிரி இருக்கு,” என்றாள்.

“நல்ல யோசனை,” என்றேன்.

பலகை வந்தது. ஓரத்துத் துண்டுகள் அவள் தட்டுக்குப் போயின. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். என் பங்கு கொழகொழவென்று இருந்தது. அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் திறந்து, நாலாய் மடித்த ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

“அவர் போனதுலேர்ந்து எனக்கும் பிரஷர் ஏறிடுச்சு. டாக்டர் அதே சீட்டத்தான் எழுதிக் குடுத்திருக்கார். நீங்க பக்கத்துல இருக்கீங்க, எனக்கென்ன பயம்?”

காகிதத்தை முழுசாகப் படித்துவிட்டு மடித்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பிறகு நெஸ்தோரைக் கைகாட்டிக் கூப்பிட்டேன்.

“அம்மாவுக்கு ரெண்டு சொரிசோ வை,” என்றேன்.