வெள்ளைக்கோழியும் நீலக்கோழியும்

லாரியில் மண் ஏற்றி இறக்கிய இடுப்பு சார், இந்த ஸ்டேஷன் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே பிடித்துக்கொள்கிறது. நின்றுகொண்டே சொல்கிறேன்.

ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி, சதுப்பு ஓரத்தில் எங்கள் தெரு. பட்டா கிடையாது. இடித்த வீடுகளின் செங்கல்லைக் கொண்டுவந்து நானே எழுப்பிய சுவர். பக்கத்து வீட்டு பென்னி கூடமாட நின்றான். அவனும் என் லாரிதான்.

பறவை ஆராய்ச்சிக்கு ஸ்ம்ருதி மேடம் வந்து போவார். ஒருநாள் போனில் ஒரு வெள்ளைக்கோழியின் படம் காட்டினார். எங்கோ தீவில் இருந்ததாம். எங்கள் கோரையில் திரியும் நீலக்கோழிக்கு உறவு. அதே தடித்த அலகு, அதே நீளக் கால். ஆளைக் கண்டு ஓடத் தெரியாததால் கப்பல்காரர்கள் தடியால் அடித்தே தீர்த்துவிட்டார்கள். நீலம் அரவம் கேட்டால் புல்லுக்குள் பதுங்கும். அதனால் பிழைத்தது.

"அப்போ இந்தக் கோழியக் காப்பாத்த எங்கள இன்னா பண்ணுவாங்க மேடம்?"

"கூடு இருக்கிற இடத்துல வீடு இருக்கக் கூடாதுன்னு ரிப்போர்ட் குடுக்கப் போறேண்ணா. உங்களுக்கு வேற இடம் குடுப்பாங்க."

நல்ல பெண்தான். ஆனால் வேறு இடம் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேலைக்கு வர பஸ் இல்லாமல், வேலையே இல்லாமல் போனவர்கள். வெள்ளைக்கோழி மாதிரி நின்று அடி வாங்குவதா? பறவை இல்லையென்றால் ரிப்போர்ட் இல்லை. சாயங்காலம் நொய்யரிசியில் பூச்சிமருந்து கலந்து கோரை ஓரம் இறைத்தேன். தெருவுக்காகத்தான்.

காலையில் பென்னியின் மனைவி செல்வமேரி இரண்டு கோழியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கம் இளைப்புக்கு நீலக்கோழிக் குழம்பு வைப்பார்கள். பிடிப்பதுதான் கஷ்டம்.

"இன்னாண்ணா, அதிர்ஷ்டத்தப் பாரேன். ஓடவே இல்ல, அப்டியே கையில வந்துச்சு. உனக்கும் ஒரு கிண்ணம் எத்தாறேன்."

"வேணாம்மா. வயிறு சரியில்ல."

"உன் வயிறா? ஜல்லியப் போட்டாலும் அரைக்குமே!"

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நான் வாயைத் திறந்தால் மருந்து வைத்தது யார் என்று ஊருக்கே தெரியும். வீடு போய்விடும். மிக்ஸியில் மிளகு அரைபடும் சத்தம் சுவர் வழியே கேட்டது. குளித்துவிட்டு வேலைக்குப் போனேன். மதியச் சோற்றுக்கு வீட்டுக்குப் போன பென்னி லாரிக்குத் திரும்பவில்லை. இருவரையும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிணமாகத்தான் வந்தார்கள்.

ஆளுக்கு நான் மருந்து வைக்கவில்லை சார், கோழிக்குத்தான் வைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். செல்வமேரிக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது ஒரே வார்த்தை: துன்னாத. அது இன்னும் பாக்கி.