அக்காவின் இடது கை

விஞ்ஞான சரித்திரத்தில் சென்னப்பட்டணத்தின் பெயரைப் பொறிப்பதற்காகவே ஆண்டவர் என்னைப் படைத்தார் என்று நம்பிவந்தேன். கல்லூரி விலங்கியல் கூடத்தில் எனக்குக் கொடுத்திருந்த வேலை புட்டி கழுவுவது.

எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். பெயர் இக்னேஷியஸ். இந்த நாற்பத்திரண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதி ஊர் காலியானபோது எங்கள் கல்லூரியும் வெளியூருக்கு இடம் மாறியது. முயல்களை ரயிலேற்றினார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

சாந்தோமில் நாங்கள் இருந்தது என் மனைவியின் அக்கா ஃப்ளோரன்ஸ் டீச்சரின் வீடு. பதினோரு வருஷமாக அவர் சோறு. பக்கவாதத்தில் அவருக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டதால் ரயிலில் கொண்டுபோக முடியவில்லை. பிள்ளைகளோடு திருச்சிக்குக் கிளம்பிய என் மனைவி வெரோனிகா, "அக்காவை நல்லாப் பார்த்துக்கங்க" என்றாள். பார்த்துக்கொண்டேன். லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

உண்ணியை நாய்க்காதில் பார்த்து முகம் சுளித்திருப்பீர்கள். அதன் எச்சிலைப் பற்றி யோசித்திருக்க மாட்டீர்கள். கடித்த இடம் வலிக்காது. எச்சிலில் இருக்கும் நொதிகள் ரத்தத்தை உறைய விடுவதில்லை. ஒரு வாரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் வீட்டுக்காரருக்குத் தெரியாது. இவ்வளவு நாசூக்கான விருந்தாளியை நான் கண்டதில்லை.

கோபாலபுரத்துப் பங்களாக்காரர்கள் விட்டுவிட்டு ஓடிய நாய்களிடம் உண்ணிக்குப் பஞ்சமில்லை. அவற்றை ரத்தம் கொடுத்து வளர்க்க முயல்தான் இல்லை. வீட்டில் உணர்ச்சியில்லாத ஒரு கை சும்மா கிடந்தது.

அக்காவிடம் வைத்தியம் என்று சொன்னேன். "நீங்க படிச்சவங்க தம்பி, செய்யுங்க" என்றார்.

மூன்றாம் வாரம் அழுதார். "கையில ஏதோ ஊர்ற மாதிரி இருக்கு தம்பி. உயிர் வருது. மாதா கண்ணைத் திறந்துட்டா."

உண்மையாகவே உணர்ச்சி திரும்பிக்கொண்டிருந்தது. சோதனைக்கு அது இடைஞ்சல். ஆகவே கடைசிக் கட்டத்தை முன்கூட்டியே செய்ய வேண்டியதாயிற்று.

அறுபது உண்ணிகளின் எச்சில் சுரப்பிகளை உப்புநீரில் அரைத்து, அந்தக் கையில் ஊசியாகப் போட்டேன். பிறகு பிளேடால் சுண்டுவிரல் நீளத்துக்குக் கொஞ்சம் ஆழமாக ஒரு கீறல். பத்து நிமிஷத்தில் நிற்க வேண்டிய ரத்தம் நிற்கவில்லை. நான் நினைத்தது சரியாக இருந்தது. கட்டுப் போட்டால் நேரக்கணக்கு கெட்டுவிடும், போடவில்லை.

"தலை சுத்துது தம்பி. போதுமா?"

"இன்னும் கொஞ்சந்தான் அக்கா."

அவர் பிறகு கேட்கவில்லை. கோயில் மணி பன்னிரண்டு அடித்ததையும் குறித்துக்கொண்டேன்.

அப்போதுதான் மீன்காரி தேசம்மா கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா சாரே இது. டீச்சரம்மா வெளுத்துப் போய்க் கீது, நீ வாட்ச்சைப் பாத்துக்கினு குந்திக்கினுகீறே. நீயெல்லாம் மனுசனா?"

முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். சுத்தம் பார்க்கவில்லை, துணியெல்லாம் செதில். அதற்குள் அக்கா போய்விட்டிருந்தார். உங்களைக் கூட்டிவந்ததும் தேசம்மாதான்.

ஆம், கொன்றது நான்தான். நீங்கள் அதைக் கொலை என்று எழுதுகிறீர்கள்; என் நோட்டில் 'முடிவு' என்று எழுதியிருக்கிறேன். அக்காவுக்கு வலியே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கடைசிவரை நம்பினார்.

விஞ்ஞானத்தில் அவ்வளவு அக்கறை என்றால் உண்ணியை உன் கையிலேயே விட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. முதல் நாளே விட்டுப் பார்த்தேன்.

உண்ணி ஊர்ந்தால் எனக்குக் கூசும்.